ஜிடிபியை மூடினால் அடித்த கட்டளைகள் மறைந்துவிடுகின்றன

கேள்வி: லினக்ஸில் ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை வைத்து சி நிரலில் பிழை தேடுகிறேன். நிரலைக் குறிப்பிட்ட இடத்தில் நிறுத்த நேற்று அடித்த நீளமான பிரேக்பாயின்ட் கட்டளைகள் இன்று மேல் அம்பை அழுத்தினால் வருவதில்லை. ஜிடிபி திறக்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பான ஜிடிபிஇனிட்டை, நண்பர் ரெடிமேடாகத் தந்தார். போடலாமா?

பதில்: உங்கள் கணினியில் கோளாறு இல்லை. ஜிடிபி, நாம் சொல்லாதவரை எதையும் சேமித்து வைக்காது. 1986இல் பிறந்த கருவி. லினக்ஸில் நாம் கட்டளை அடிக்கும் பாஷ் கேட்காமலே செய்வதை இது இன்னும் செய்யாதது எனக்குத் தீராத எரிச்சல்.

ஹோம் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் ஜிடிபிஇனிட் கோப்பில் மூன்றே வரி எழுதுங்கள். முதலில் ‘செட் ஹிஸ்டரி சேவ் ஆன்’. அடுத்து ‘செட் ஹிஸ்டரி ஃபைல்நேம்’ என்று போட்டு, ஹோமுக்குள் ஒரு கோப்பின் முழுப் பாதை. கடைசியாக ‘செட் ஹிஸ்டரி சைஸ் 10000’. இல்லையென்றால் வழக்கமாக 256 கட்டளையோடு நின்றுவிடும்.

இரண்டாவது வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்போது எந்த ஃபோல்டரில் நின்று ஜிடிபியைத் திறக்கிறீர்களோ அங்கேயே ஒரு கோப்பு முளைக்கும். வேறு ஃபோல்டரில் திறந்தால் பழைய கட்டளை வராது. என்னிடம் வந்த ஓர் இளைஞர், சோதனைக்காகக் கட்டளையிலேயே பாஸ்வேர்டை அடித்திருந்தார். அப்படி முளைத்த கோப்பு, நிரலோடு சேர்ந்து, நிரல்களைச் சேமித்துப் பகிரும் ‘கிட்’டில் ஏறிவிட்டது.

நண்பரின் கோப்பு வேண்டவே வேண்டாம். ஹோமில் இல்லாமல், நாம் நிற்கும் ஃபோல்டரில் கிடக்கும் ஜிடிபிஇனிட்டை ஜிடிபி கண்டபடி ஓட்டாது. அது நமக்கான காவல். ரெடிமேட் கோப்புகள் பலவற்றில் ‘ஆட்டோ-லோட் சேஃப்-பாத்’ என்ற வரியில் வெறும் சாய்கோடு இருக்கும்; எல்லா ஃபோல்டரையும் நம்பு என்று அதற்குப் பொருள். காவல் போயிற்று. யாரோ தந்த ஜிப்பைப் பிரித்து அங்கே ஜிடிபியைத் திறந்தாலே, அதிலுள்ள கட்டளைகள் உங்கள் கணினியில் ஓடும். மேலே சொன்ன மூன்று வரியைப் பெரிய வித்தையாகக் காட்டிக் காசு பறிக்கும் பயிற்சி மையங்களும் உண்டு. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

‘ஹிஸ்டரி எக்ஸ்பேன்ஷன்’ என்பதை மட்டும் ஆன் செய்யாதீர்கள். ஆச்சரியக்குறி போட்டுப் பழைய கட்டளையை அழைக்கும் வசதி அது. சி மொழியில் அதே குறிக்கு ‘இல்லை’ என்று பொருள். ‘பிரின்ட்’ போட்டு, ‘ரெடி’ என்ற மாறிக்கு முன்னால் அந்தக் குறியை ஒட்டி அடித்தால், அப்பெயரில் தொடங்கும் பழைய கட்டளையைத் தேடப் போய்விடும். குறிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டால் தப்பலாம். குறியை ஒட்டிச் சமக்குறியோ அடைப்புக்குறியோ வந்தால் தொந்தரவில்லை. இதையெல்லாம் யார் நினைவில் வைப்பது?

வேலை முடிந்ததும் ‘க்விட்’ கொடுத்தே வெளியேறுங்கள். ஜிடிபியை ‘கில் -9’ என்ற கட்டளையால் வலுக்கட்டாயமாக நிறுத்தினால் அன்று அடித்தவை கோப்பில் ஏறாது.