ஸ்கேன் நார்மல்தான், சோர்வு மட்டும் ஏன்?

கேள்வி: என் தம்பிக்கு விபத்தில் தலையில் அடிபட்டு எட்டு மாதம் ஆகிறது. அன்று எடுத்த சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் இப்போது ஓயாத சோர்வு, எடை கூடுகிறது, தாம்பத்தியத்திலும் நாட்டமில்லை. மூளையின் அடியில் இருக்கும் ஹார்மோன் சுரப்பியான பிட்யூட்டரி பாதித்திருக்கலாம் என்கிறார் டாக்டர். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடுமா?

பாதிதான் தெரியும். அடிபட்ட அன்று எடுக்கும் சி.டி., ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் தேடுவதற்கானது. எலும்புக் குழிக்குள் பட்டாணி அளவில் உட்கார்ந்திருக்கும் பிட்யூட்டரி அதில் சரியாகப் புலப்படாது. வழக்கமான மூளை எம்.ஆர்.ஐ.யும் போதாது. அதில் ஒவ்வொரு படமும் ஏறக்குறைய 5 மி.மீ. தடிமன், சுரப்பியின் உயரமோ 1 செ.மீ.கூட இல்லை. ஓரிரு படத்தில் வந்து போய்விடும். சீட்டில் 'பிட்யூட்டரி எம்.ஆர்.ஐ.' என்றும், தலைக்காயம் பட்ட விவரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். 3 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய படங்கள், பக்கவாட்டிலும் முன்பக்கமாகவும், காடோலினியம் மருந்து (படத்தைத் தெளிவாக்க நரம்பில் ஏற்றுவது) ஏற்றுவதற்கு முன்பும் பின்பும் வேண்டும். சிறுநீரகக் கோளாறு, பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடிபட்ட புதிதில் என்றால் வீக்கம், ரத்தக்கசிவு, ரத்த ஓட்டமின்றிச் செத்த பகுதி ஆகியவை தெரியலாம். எட்டு மாதத்தில் அவை மறைந்திருக்கும். சுருங்கிய சுரப்பி, மூளைத் தண்டுவட நீர் நிரம்பிய குழி, சுரப்பியை மூளையோடு இணைக்கும் காம்பு அறுந்திருப்பது ஆகியவற்றைத்தான் தேட வேண்டும். மருந்து ஏற்றாத டி1 படத்தில் (எம்.ஆர்.ஐ. படங்களில் ஒரு வகை) சுரப்பியின் பின்பகுதியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிவது இயல்பு. காம்பு அறுந்தவர்களுக்கு அது இடம் மாறி மேலே நிற்கலாம். ஆனால் புள்ளி இல்லாததும், பாதி காலியான குழியும் ஆரோக்கியமானவர்களிடமும் உண்டு. அதை வைத்து மட்டும் நோய் என்று முடிவுகட்டக் கூடாது.

சுரப்பியின் முன்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் அந்த மெல்லிய காம்பு வழியாகத்தான் இறங்குகின்றன. மூளை குலுங்கும்போது அவை நசுங்கினால், சுரப்பி பார்வைக்கு முழுசாக இருந்தும் வேலை குறையலாம். ஓரப் பகுதிகளில் அடர்ந்திருக்கும் வளர்ச்சி ஹார்மோன் செல்கள் எளிதில் அடிபடுவதற்கும் இதுவே காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே 'எம்.ஆர்.ஐ. நார்மல்' என்ற ஒரு வரியை நம்பி விசாரணையை முடித்துவிடாதீர்கள். தீர்ப்பு சொல்வது ரத்தப் பரிசோதனைதான்.

கேள்வி: எந்தெந்தப் பரிசோதனைகள்?

காலை 8–9 மணிக்குள், வெறும் வயிற்றில்: கார்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்), ஃப்ரீ டி4 (தைராய்டு ஹார்மோன்), டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்), எல்.எச்., எஃப்.எஸ்.எச். (பாலுறுப்புச் சுரப்பிகளைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்கள்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), புரோலாக்டின் (இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோன்), ஐ.ஜி.எஃப்-1 (வளர்ச்சி ஹார்மோனின் அளவைக் காட்டுவது), சோடியம். டி.எஸ்.எச். மட்டும் பார்த்து 'தைராய்டு சரி' என்பது பலர் விழும் குழி. பிட்யூட்டரி கெட்டால் டி.எஸ்.எச். நார்மலாகவே இருந்து, ஃப்ரீ டி4 மட்டும் இறங்கியிருக்கலாம். கார்டிசால் 3 மைக்ரோகிராமுக்கும் (ஒரு டெசிலிட்டருக்கு) கீழே என்றால் குறைபாடு ஏறக்குறைய உறுதி. 15க்கு மேல் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. இடைப்பட்டால் ஊசி போட்டுத் தூண்டிப் பார்க்க வேண்டும். ஐ.ஜி.எஃப்-1 நார்மலாக இருப்பதால் மட்டும் வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இல்லை என்றாகாது. அதற்கும் தூண்டல் பரிசோதனை உண்டு, மற்ற ஹார்மோன்களைச் சரிசெய்த பிறகே.

ஸ்டீராய்டு மாத்திரை, இன்ஹேலர், மூட்டில் போட்ட ஊசி எல்லாம் கார்டிசாலைக் குறைத்துக் காட்டும். கருத்தடை மாத்திரை கூட்டிக் காட்டும். முடிக்காக பயோட்டின் சாப்பிடுபவர் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டைத் தானாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

கேள்வி: ஃப்ரீ டி4 குறைவாக வந்தால் உடனே தைராய்டு மாத்திரை தொடங்கலாமா?

கார்டிசால் பார்க்காமல் வேண்டாம். கார்டிசாலும் குறைந்திருக்கும்போது தைராக்சினை (தைராய்டு மாத்திரை) முதலில் கொடுத்தால் அட்ரினல் நெருக்கடி (கார்டிசால் பற்றாக்குறையால் உயிருக்கே ஆபத்தாகும் நிலை) வரலாம். முதலில் கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன், பிறகே தைராக்சின். ஓயாத வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு இருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், தலைக்காயத்தையும் சொல்லுங்கள். ஒரு நாளில் 3 லிட்டருக்கு மேல் சிறுநீர் போனால், அதுவும் பிட்யூட்டரி பாதிப்பாக இருக்கலாம் என்பதால் அதையும் தனியாகச் சோதிக்க வேண்டும். சிலருக்கு ஓராண்டுக்குள் சுரப்பி தானே மீள்வதும் உண்டு. எனவே 12ஆம் மாதத்தில் இதே பரிசோதனைகளை மறுபடி செய்யுங்கள்.