தடைக்காலத்தில் வரும் அட்சய திருதியை

கேள்வி: என் கணவர் பாம்பனில் விசைப்படகில் மீன்பிடிக்கப் பங்குக்குப் போகிறவர்; பிடித்த மீனின் வருமானத்தில் ஒரு பங்குதான் அவருக்குக் கூலி. அட்சய திருதியை அன்று குந்துமணித் தங்கமாவது வாங்காவிட்டால் வீட்டில் செல்வம் தங்காது என்று டி.வி. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, எட்டாவது படிக்கும் மகள் நச்சரிக்கிறாள். பக்கத்து வீடுகளில் முன்பதிவே செய்துவிட்டார்கள். மகளிர் குழுவில் 40,000 ரூபாய் கடன் தருகிறார்கள். வாரம் 900 ரூபாய் வீதம் 52 வாரம் கட்ட வேண்டும். அதில் அரைப் பவுன் வாங்கலாமா?

பதில்: அந்தக் கடனை வாங்காதீர்கள், சகோதரி. தங்கம் வாங்குவது தப்பில்லை. வாங்கும் நாளை உங்களுக்காகக் கடைக்காரர் குறித்துவிட்டார், அதுதான் தப்பு.

நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அட்சய திருதியை 2024-ல் மே 10, 2025-ல் ஏப்ரல் 30. எந்த ஆண்டானாலும் படகு கரையில் கிடக்கும் நாட்களில்தான் அது வந்து நிற்கும். ஏப்ரல் 30-ல் கடன் எடுத்தால், படகு மறுபடி கடலுக்குப் போவதற்குள் ஆறு வாரத் தவணை வந்துவிடும், 5,400 ரூபாய். அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000. மிச்சம் 2,600-ல் அரிசி, பருப்பு, மகளின் பள்ளிச் செலவு எல்லாம் எப்படி ஓடும்?

இனி நகைக் கணக்கு. கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வாங்கும் அன்றைய விலையைப் போட்டு இதே மாதிரி கணக்குப் பாருங்கள். அரைப் பவுன் 4 கிராம், தங்கத்தின் விலை 36,000. சேதாரம் 14 சதவீதம் என்றால் 5,040. இரண்டும் சேர்ந்த 41,040-க்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 1,231. ஹால்மார்க் கட்டணத்தையும் சேர்த்தால் சுமார் 42,325. மறுநாளே அவசரம் என்று விற்கப் போனால் சேதாரமும் வரியும் திரும்பி வராது. 36,000 கிடைத்தாலே பெரிது. கிராம் விலை 10,580-ஐத் தாண்டினால்தான் போட்ட பணமே கைக்கு வரும். கடனுக்கு நீங்கள் கட்டப்போவது 46,800. கடன் போகக் கடையில் கைக்காசாகக் கொடுப்பது 2,325. ஆக 36,000 ரூபாய்த் தங்கத்துக்கு 49,125 ரூபாய்.

‘கிராமுக்கு 100 ரூபாய் தள்ளுபடி’ என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். நாலு கிராமுக்கு அது 400 ரூபாய்தான். சேதாரத்தை 14-லிருந்து 16 சதவீதமாக்கினால் 720 ரூபாய் ஏறிவிடும். கொடுத்ததைவிட அதிகமாக வாங்கிக்கொண்டார்கள், நமக்கோ லாபம் கிடைத்த சந்தோஷம். ‘சேதாரத்தில் பாதி தள்ளுபடி’ என்றால் எத்தனை சதவீதத்தில் பாதி என்று கேளுங்கள். கல் வைத்த நகையில் கல் எடையைக் கழித்த நிகர எடைக்குத்தான் தங்க விலை போட வேண்டும். பில்லில் இரண்டு எடையும் தனித்தனியாக இருக்கட்டும்.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். அட்சய திருதியை பழைய நாள்தான், ஆனால் அது கொடுக்கும் நாள். சித்திரை, வைகாசி வெயிலில் நீர்மோர், பானகம், தயிர்சாதம், விசிறி என்று தானம் செய்வதுதான் வழக்கம். நகைக்கடை வாசலில் விடியற்காலையிலேயே கூட்டம் நிற்பதெல்லாம் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் விளம்பரத்தால் பெருகியது. வாங்கினால் யோகம் என்று மட்டும் சொல்லியிருந்தால் இவ்வளவு பேர் கடன் வாங்கியிருக்க மாட்டார்கள். வாங்காவிட்டால் குறை என்ற பயத்தையும் சேர்த்து விதைத்தார்கள், அதுவும் பிள்ளைகள் டி.வி. பார்க்கும் நேரத்தில். அவள் கேட்டது நகை இல்லை. தன் வீட்டுக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாதே என்ற கவலை. அன்றைக்கு அவள் கையாலேயே ஒரு பானை நீர்மோர் கரைத்துத் தெருவில் போவோர் வருவோருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த நாளுக்குரிய புண்ணியம் அதுதான், கடனும் இல்லை.

தடை முடிந்து பங்குப் பணம் வரத் தொடங்கியதும் வங்கியில் தொடர் வைப்புக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். மாதம் 3,000 என்றால் 12 மாதத்தில் 36,000, வட்டி தனி. இதற்குப் பதில் கடையிலேயே மாதாமாதம் நகைச்சீட்டு கட்டலாமே என்று தோன்றும். அது 11 மாதத்தோடு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது: நிறுவனங்கள் வாங்கும் முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். கடை மூடிப்போனால் அந்தச் சீட்டுப் பணத்துக்குக் காப்பீடு கிடையாது. வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை உண்டு.

வாங்கும்போது பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22 காரட் தரத்தைக் காட்டும் 22கே916, அந்த நகைக்கே உரிய எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண்ணான எச்.யூ.ஐ.டி. மூன்றும் நகையில் இருக்கிறதா என்று லென்ஸ் வாங்கிப் பாருங்கள். அந்த ஆறு இலக்கத்தை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் நகையின் விவரம் வரும். தோடு, மூக்குத்தி போல 2 கிராமுக்குக் குறைந்தவற்றுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. அவற்றில் தரத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

விளம்பரத்தில் சொன்னது ஒன்று, பில்லில் போட்டது வேறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். விளம்பரத் தாளைக் கிழித்துப் போடாமல் பில்லோடு சேர்த்து வைத்திருங்கள், அதுதான் சாட்சி.