குடல் பாக்டீரியாவைச் சரிசெய்தால் மாரடைப்பு வராதாமே? ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழைய சோறு கொடுக்கலாமா?

ஸ்டென்ட் வைத்து ஓராண்டு ஆகவில்லை, யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் இரண்டையும் நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அந்த உறைவைப் பழைய சோறு தடுக்காது. மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கீழே எழுத வருபவர்கள், பழைய சோற்றைப் பற்றி நான் சொல்வதையும் படித்துவிட்டு எழுதட்டும்.

வீடியோவில் சொன்னது முழுப் பொய்யில்லை. முட்டை மஞ்சள் கருவிலும் ஈரலிலும் இருக்கும் கோலினை, ஆட்டுக்கறியில் இருக்கும் கார்னிடைனைக் குடல் பாக்டீரியா உடைத்து டிஎம்ஏ என்ற வாயுவாக்கும். கல்லீரல் அதை டிஎம்ஏஓ-வாக மாற்றும். அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் கிளினிக்கின் ஸ்டான்லி ஹேசன் குழு 2011-ல் இதை இதய நோயோடு இணைத்துக் காட்டியது. 2013-ல் அதே குழு 4,007 பேரை மூன்று ஆண்டு கண்காணித்த முடிவு வந்தது. டிஎம்ஏஓ மிக அதிகமாக இருந்த கால்பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்த கால்பங்கினரைவிட மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஏற்படும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு. ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டாலும் ரத்தத்தில் டிஎம்ஏஓ ஏறும். நாகப்பட்டினத்தில் இறங்கும் கடல் மீனில் அது நேரடியாகவே இருக்கிறது. அதற்காக மீன் இதயத்துக்கு ஆகாது என்று ஆகிவிடவில்லை. ஆகவே அந்த ஒற்றை எண்ணைத் துரத்த வேண்டாம், அதற்கென்று டெஸ்ட் எடுத்துப் பணத்தை விடவும் வேண்டாம்.

உங்கள் கையில் இருப்பது நார்ச்சத்து. பாக்டீரியா அதைப் புளிக்கவைத்துத் தரும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் குடல் சுவரைக் காக்கிறது. கரையும் நார் பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். புதுப் பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார் சொல்கிறது. தீட்டிய வெள்ளை அரிசி 200 கிராம் சமைத்தாலும் 5, 6 கிராம்தான் தேறும். 50 கிராம் முழுப் பாசிப்பயறு தனியாக 8 கிராம் தரும். அதோடு ஒரு கொய்யா, வாழைத்தண்டோ வாழைப்பூவோ ஒரு பொரியல், தினம் ஒரு கீரை. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பி, மூன்றாம் நாளே வேண்டாம் என்பார். ஒரு பிடி பயறில் தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பொட்டாசியத்துக்காகக் கீரை, தண்டு அளவை மருத்துவரிடம் கேட்டே வையுங்கள்.

பழைய சோறு நல்லது. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வடிவமாக மாறிப் பெருங்குடல்வரை போகும். ஆனால் மத்தியானம் வடித்ததை ராத்திரிவரை அப்படியே வைத்திருந்து பிறகு தண்ணீர் ஊற்றுகிறார்கள், அதுதான் தவறு. இடைப்பட்ட நேரத்தில் பேசிலஸ் கிருமி விடும் நச்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது. சூடு ஆறியதும் சோறு மூழ்கத் தண்ணீர் ஊற்றி, துணியால் மூடி, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம். கொழகொழவென்று நூல் விட்டால் கொட்டிவிடுங்கள். மோரைச் சூடாக்காமல் ஊற்றுங்கள். மோர்க்குழம்பாகக் கொதித்தால் அதிலுள்ள பாக்டீரியா செத்துவிடும். கெடுப்பது தொட்டுக்கொள்வதுதான். நாள் முழுக்கச் சேர்த்தே உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய் மூன்றும் இலையில் இருந்தால் காலையிலேயே பெரும்பகுதி போய்விடும்.

கேள்விக்கு வெளியே ஒன்று. சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பே வயல் ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளிக்கிற டெல்டா மண் இது. நெல்லுக்கு ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் இருக்கிறது. பயறுக்கு அப்படி இல்லை; களத்துமேட்டிலேயே வியாபாரி சொன்ன விலைக்குப் போகிறது. விளைந்த வீட்டில் ஒரு மூட்டை நிறுத்துவதில்லை. பிறகு அதே வீட்டுக்கு நல்ல பாக்டீரியா என்று புரோபயாடிக் கேப்ஸ்யூலை விற்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

அப்பா ரத்தம் உறைவதைக் குறைக்கும் அசிட்ரோம் மாத்திரையும் எடுத்துக்கொண்டால் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையின் வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் போய் ரத்தக்கசிவு வரலாம். எதை மாற்றினாலும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் டெஸ்ட் பார்த்துவிடுங்கள்.

பயறு சாப்பிட ஆரம்பித்த பிறகு நெஞ்சில் ஏதாவது செய்தால் வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். அழுத்தம், வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, சர்க்கரை உள்ளவருக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும், இதில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழைத்து, ஸ்டென்ட் வைத்தவர் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை மாத்திரை டப்பாவோடு சேர்த்தே வைத்திருங்கள்.