சிறகு விறைப்பாக இருக்கலாமா?

கேள்வி: வண்ணத்துப்பூச்சி போல சிறகடித்துப் பறக்கும் சிறு பொறி ஒன்று செய்கிறோம். சிறகுக்கு விறைப்பான பிளாஸ்டிக் தகடு நல்லதா?
– உயர்தர மாணவி, புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டாம் பிள்ளை, வளையக்கூடிய மெல்லிய தாளையே எடுங்கள். முத்தையன்கட்டு வாய்க்கால் ஈரமண்ணில் இருக்கும் வண்ணத்துப்பூச்சி கிளம்புவதைக் கிட்ட இருந்து பாருங்கள். சிறகு இரண்டும் முதுகுக்கு மேலே வந்து ஒட்டும். ஒட்டுமுன் நடுவில் குழிந்து, கூப்பிய கை போலக் காற்றை அடக்கிப் பின்னால் பீச்சும். அந்த உதைப்பில்தான் பூச்சி முன்னே பாய்கிறது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் இயந்திரச் சிறகு செய்து அளந்து 2021இல் வெளியிட்டார்கள்: விறைத்த சிறகைவிட வளையும் சிறகில் கணத்தாக்கு, அதாவது ஒரு அடிப்பில் கிடைக்கும் மொத்த உதைப்பு, 22 சதவீதம், செயல்திறன் 28 சதவீதம் கூடுதல். சின்ன பற்றரியை நம்பும் பொறிக்கு இது பெரிய காரியம். சரி, முன் விளிம்புக்கு மட்டும் ஈர்க்கு வைத்து ஒட்டுங்கள்; அதுவும் வளைந்தால் சிறகு மடங்கிவிடும்.