மகள் ராத்திரியெல்லாம் பக் பிரிக்கிறாள், வேலைக்கு உதவுமா?

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். ‘நான் இருபது வருடமாகத் தாலுகா ஆபீஸில் மனு பிரிக்கிறேன். இன்ஜினீயரிங் படிக்க வைத்த பெண்ணும் ராத்திரி உட்கார்ந்து மனுதான் பிரிக்கிறாள், அதுவும் சம்பளம் இல்லாமல்.’ கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ‘பக்’ எனப்படும் மென்பொருள் கோளாறுகளைப் பற்றி வருகிற புகார்களைப் பிரிக்கும் அந்த வேலையை இதைவிடச் சரியாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. அதனால் உங்கள் ஆபீஸ் கணக்கிலேயே பேசுகிறேன்.

அவள் உழைப்பது லிப்ரே ஆபீஸுக்கு. வேர்டும் எக்ஸெலும் செய்கிற வேலையை இலவசமாகச் செய்யும் மென்பொருள் அது. 2010-ல் ஓப்பன் ஆபீஸ் என்ற இன்னோர் இலவச மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. பெர்லினில் உள்ள டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை நடத்துகிறது. உலகம் முழுக்க அதைப் பயன்படுத்துகிறவர்கள் ‘இது கெட்டிருக்கிறது’ என்று எழுதுவதெல்லாம் பக்ஸில்லா என்ற பதிவேட்டில் சேரும். பக்ஸில்லா 1998-ல், பின்னாளில் ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தந்த மொஸில்லாக்காரர்கள் தங்கள் தேவைக்காக உருவாக்கியது. இன்று பல திட்டங்கள் அதை வைத்துத்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண், உங்கள் ஆபீஸ் கோப்பில் போடுகிற ந.க. எண் மாதிரி. நிரல் எழுதித் திருத்தம் செய்கிற டெவலப்பரும் தன் குறிப்பில் அந்த எண்ணைப் போட்டுத்தான் எழுதுவார். பத்து வருடம் கழித்து ஒருவர் வந்து ‘இந்த வரியை ஏன் மாற்றினார்கள்’ என்று கேட்டாலும் எண்ணைப் பிடித்துப் போய்ப் பார்த்துவிடலாம்.

புதிதாக வந்த புகார் முதலில் ‘அன்கன்ஃபர்ம்டு’ என்று கிடக்கும். எழுதியவரே அதை உறுதிசெய்துகொள்வது முறையல்ல. வேறொருவர் தன் கம்ப்யூட்டரில் அதே படிகளைச் செய்து பார்த்து, அதே கோளாறு வந்தால்தான் அது ‘நியூ’ ஆகும். விவரம் போதாவிட்டால் ‘நீட் இன்ஃபோ’ என்று எழுதியவரிடமே திரும்பிப் போகும். மாதக்கணக்கில் பதில் இல்லையென்றால் தகவல் போதாது என்று மூடிவிடுவார்கள். ஒரு டெவலப்பர் எடுத்துக்கொண்டால் ‘அசைன்டு’, முடிந்தால் ‘ரிசால்வ்டு’. உங்கள் மகள் செய்வது அந்த ‘வேறொருவர்’ வேலை. நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுகிற வி.ஏ.ஓ. என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

‘ரிசால்வ்டு’ என்றாலே குறை தீர்ந்தது என்று பொருளில்லை. மனு முடிந்தது என்று எழுதுகிற ‘பைசல்’ என்ற சொல்லை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா என்ன! திருத்தி முடிக்கலாம். இது கோளாறே இல்லை, அப்படித்தான் வடிவமைத்தோம் என்றும் முடிக்கலாம். முன்பு இருந்தது, இப்போது எப்படியோ வரவில்லை என்றும் முடிக்கலாம். அவளுடைய முதல் புகார் இரண்டே நாளில் ‘டூப்ளிகேட்’ என்று மூடப்பட்டதையும், அன்று அவள் சாப்பிடாமல் படுத்ததையும் எழுதியிருந்தீர்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஒரே தெருவிலிருந்து ஒரே குழாய் உடைப்புக்கு நாலு மனு வந்தால் என்ன செய்வார்கள்? ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அவள் மனுவும் அப்படிச் சேர்ந்ததுதான், தள்ளுபடி ஆகவில்லை. அவள் பார்த்த கோளாறு உண்மை, முன்பே ஒருவர் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். எழுதும் முன் தேடிப் பார்த்திருக்கலாம் என்பது வேறு விஷயம். அதை இந்நேரம் கற்றிருப்பாள்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ரிக்ரெஷன்’ என்று முத்திரை குத்தப்படுகிற புகார்கள். போன பதிப்பில் ஒழுங்காக இருந்தது புதுப் பதிப்பில் கெட்டுப்போவதற்கு அந்தப் பெயர். லிப்ரே ஆபீஸுக்கு வருடத்தில் இரண்டு பெரிய பதிப்புகள் வருகின்றன, அதனால் இந்த வகைக்குக் குறைவில்லை. படிவத்தில் ‘வெர்ஷன்’ என்று ஒரு கட்டம் உண்டு. தன்னிடம் இருக்கிற பதிப்பை அதில் எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அங்கே இருக்க வேண்டியது, கோளாறு தென்படுகிற மிகப் பழைய பதிப்பு. ‘புதுப் பதிப்பிலும் வருகிறது’ என்று சொல்ல வந்தவர் அந்த எண்ணை மாற்றிவிட்டால் தடயம் போயிற்று.

சரி, எந்த மாற்றத்தால் கெட்டது என்று எப்படிப் பிடிப்பது? ‘பைபிசெக்ட்’ என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வரிசையாகத் தயார்செய்த பழைய லிப்ரே ஆபீஸ்கள் ஒரே களஞ்சியத்தில் அடுக்கியிருக்கும். ஆயிரம் இருக்கிறது என்று வையுங்கள். நடுவில் இருக்கிற ஐந்நூறாவதைத் திறந்து பார்க்க வேண்டும். அதிலும் கெட்டிருந்தால் தவறு முன்பாதியில், நன்றாக இருந்தால் பின்பாதியில். மறுபடி பாதி, மறுபடி பாதி. பத்தே சோதனையில் குற்றவாளி கையில் சிக்கும். பைனரி செர்ச் என்று டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் பதின்மூன்று மதிப்பெண்ணுக்கு எழுதியிருப்பாளே, அதேதான். நிரல் ஒரு வரிகூட எழுதாமல், டெவலப்பர் நாள்கணக்கில் தேட வேண்டியதை ஒரு மாலையில் முடித்துக் கொடுத்துவிடலாம். களஞ்சியம் பல ஜிபி பெரிது. மொபைல் டேட்டாவில் இறக்கினால் உங்கள் ரீசார்ஜ் பணம் காலி, எச்சரித்துவிடுகிறேன்.

அவளுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் தமிழை அரபி, இந்தி, தாய்லாந்து மொழிகளோடு சேர்த்துச் சிக்கலான எழுத்தமைப்பு என்ற பிரிவில் வைத்திருக்கிறது. ‘கொ’ என்பதில் ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இரு பக்கமும் உட்காருவது, அழிக்கும்போது எது முதலில் போக வேண்டும் என்பது, பிடிஎஃப் ஆக்கி அதிலிருந்து காப்பி எடுத்தால் எழுத்து சிதறுவது, இதையெல்லாம் ஜெர்மனியில் இருப்பவர் பார்த்ததும் சொல்ல முடியாது. இவள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். தவறு ஃபான்ட்டில் இருக்கிறதா, எழுத்துகளை அடுக்குகிற ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பில் இருக்கிறதா, லிப்ரே ஆபீஸிலேயேவா என்று பிரித்துச் சொன்னால் இன்னும் மதிப்பு. வெளியில் இருந்தால் ‘நாட் அவர் பக்’, உரிய துறைக்கு மாற்றப்படும்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இதனால் வேலை கிடைக்குமா? நேராகக் கிடைக்காது. நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கிற கம்பெனிகள் முதலில் வைப்பது கணக்கு, தர்க்கம் கேட்கிற ஆப்டிடியூடும் கோடிங் தேர்வும். அங்கே பக்ஸில்லாவை யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. அதைத் தாண்டி இன்டர்வியூ அறைக்குள் போன பிறகுதான் இதற்கு விலை. என்னிடம் வருகிற ரெஸ்யூம்களில் ‘லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்’ என்ற வழக்கமான காலேஜ் புராஜெக்ட் இல்லாத ரெஸ்யூமைத் தேட வேண்டியிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒருத்தி, ‘இத்தனை புகார்களைச் சரிபார்த்தேன், இத்தனை ரிக்ரெஷன்களுக்குத் தொடக்கம் கண்டுபிடித்தேன், எண்கள் இதோ’ என்று எழுதினால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். டெஸ்டிங், சப்போர்ட் பக்கம் போகிறவர்களுக்கு இது நேரடி அனுபவம். வெறுமனே ‘ஓப்பன் சோர்ஸில் (இப்படி நிரலைத் திறந்து வைத்த திட்டங்களில்) பங்களித்தேன்’ என்று எழுதினால் யாரும் நம்பப்போவதில்லை.

ஆனால் இங்கேயே நின்றுவிடவும் கூடாது. ‘ஈஸி ஹேக்’ என்று குறியிட்ட புகார்கள் புதியவர்களுக்காகவே ஒதுக்கப்பட்டவை. அதில் ஒன்றிரண்டை ஆறாவது செமஸ்டருக்குள் அவளே திருத்திப் பார்க்கட்டும். சி ப்ளஸ் ப்ளஸ் என்ற நிரல் மொழி தெரிய வேண்டும், முதல் தடவை மென்பொருளைத் தன் கம்ப்யூட்டரில் உருவாக்குவதே பெரிய பாடு. கூகுள் சம்மர் ஆஃப் கோட் மாதிரி உதவித்தொகை தருகிற திட்டங்களுக்கு விண்ணப்பிக்கிறபோது இப்படி முன்பே செய்த வேலைதான் பேசும்.

இரண்டு எச்சரிக்கை. புகாரோடு இணைக்கிற கோப்பை உலகமே பார்க்கலாம். மார்க் ஷீட், ஆதார், முக்கியமாக நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிற ஆபீஸ் கடிதம், எதையும் சோதனைக்காக ஏற்றிவிடக் கூடாது. பிரச்சினை வருகிற அளவுக்கு ஒரு போலிக் கோப்பு செய்துகொள்ளட்டும். அப்புறம், பாதுகாப்பு ஓட்டை என்று எதையாவது கண்டால் பொதுப் பதிவேட்டில் எழுதாமல் அதற்கென இருக்கிற தனி முகவரிக்குத்தான் அனுப்ப வேண்டும்.

ராத்திரி இரண்டு மணி வரை விழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சனி, ஞாயிறு காலையில் இரண்டிரண்டு மணி நேரம் போதும். இந்த வேலையில் யாரும் அவளைத் துரத்தவில்லை. வார நாள்களில் ஆப்டிடியூடுக்குத் தினம் ஒரு மணி நேரம், அதில் பேரம் வேண்டாம்.

அடுத்த வாரம் அவளையும் அழைத்து வாருங்கள். ரெஸ்யூம் தேவையில்லை. அவள் கைபட்ட புகார்களில் மூன்றின் எண்களை மட்டும் எழுதிக்கொண்டு வரட்டும். அந்த டூப்ளிகேட் கட்டாயம் அதில் இருக்க வேண்டும், நான் முதலில் திறக்கப்போவது அதைத்தான்.