அப்பாவின் வெல்டிங்கும் மகளின் லேசரும்

வணக்கம் அம்மா. போன வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பார்த்தபோது, மகள் மெட்டீரியல்ஸ் எஞ்சினியரிங்தான் வேண்டும் என்கிறாள், உலோகத்தின்மேல் லேசரில் கார்பைடு (கார்பன் சேர்ந்த மிகக் கெட்டியான பொருள்) படிய வைப்பதைப் பற்றியே பேசுகிறாள், இதற்கெல்லாம் வேலை உண்டா என்று கேட்டீர்கள். வீட்டுக்காரர் செம்பனை (பாமாயில்) ஆலையில் வெல்டர் என்பதை எழுந்து போகும்போதுதான் சொன்னீர்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சமாகியிருக்கும்.

ஆலையில் பழத்தைப் பிழியும் திருகு இருக்கிறதே, நாரும் கொட்டையும் மண்ணும் உரசி அதன் விளிம்பு தேய்ந்துபோகும். அதன்மேல் கெட்டியான உலோகத்தை வெல்டிங்கில் ஏற்றுவார்கள். மகள் கேட்பது அதே வேலையின் அடுத்த படிதான். நிக்கல் கலவைத் தூளோடு டங்ஸ்டன் கார்பைடு மணிகளைச் சேர்த்துத் தூவ, லேசர் நிக்கலை உருக்கிப் படிய வைக்கும். கடலை மிட்டாயில் பாகு கடலையைப் பிடிப்பதுபோல நிக்கல் மணிகளைப் பிடித்துக்கொள்ளும், உரசலை மணிகள் தாங்கும். சூடு கூடிவிட்டால் மணியின் ஓரம் கரைந்து, நொறுங்கும் தன்மையுள்ள புதுக் கார்பைடுகள் உண்டாகும், விரிசலும் விழும். இன்னொரு தொல்லை எடை. கன சென்டிமீட்டருக்கு நிக்கல் 8.9 கிராம், டங்ஸ்டன் கார்பைடு 15.6. உருகிய குழம்பில் மணிகள் அடியில் போய்த் தங்கினால், உரசல் படும் மேல்பக்கம் வெறும் நிக்கலாக நிற்கும். துண்டை வெட்டி, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் இதைத்தான் பார்க்கிறார்கள். அப்புறம் மணலைக் கொட்டி ரப்பர் சக்கரத்தில் தேய்த்து, எத்தனை கிராம் போனது என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். பெண்பிள்ளைக்கு இரும்பு வேலையா என்று பயந்தீர்கள். அவள் அப்பா வெல்டிங்கில் சுவாசிக்கும் அளவுக்கு இதில் புகை கிடையாது.

சரி, வேலை. லேசர் கார்பைடு என்று மட்டும் தேடினால் நம் ஊரில் வேலை எளிதில் கிடைக்காது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒரு பாகம் ஏன் தேய்ந்தது, ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் பினாங்கு, கூலிம் தொழிற்சாலைகளுக்குத் தேவை. அதனால் பட்டத்தைப் பொதுவாக எடுக்கட்டும், லேசரைக் கடைசி ஆண்டு ஆய்வுக்கு வைத்துக்கொள்ளட்டும். நிபோங் திபாலில் உள்ள யூ.எஸ்.எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்திலேயே இந்தத் துறை இருக்கிறது. ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம் தேர்வில் ஆட் மேத்ஸ் (கூடுதல் கணிதம்), பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றும் வேண்டும். கெமிஸ்ட்ரி கஷ்டம் என்று இப்போதே முனகுகிறாள், அதற்குத்தான் டியூஷன் பாருங்கள். பிறகு பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு மெட்ரிகுலேஷனோ எஸ்.டி.பி.எம்மோ, எது கிடைத்தாலும் சரி.

அடுத்த முறை வரும்போது, ஆலையில் கழற்றிப் போட்ட பழைய திருகுத் துண்டு ஒன்றை அப்பாவிடம் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். என் மேசையில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கிறது.