துப்பாக்கிய ஏன் எடுக்கல?

கேள்வி: ஆக்‌ஷன் படத்துல நான் லாஜிக் பேசுனா "படத்த படமா பாரு"ன்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் வாய அடைச்சிடுறாங்க. கீழ விழுந்த அடியாளோட துப்பாக்கி காலுக்குப் பக்கத்துலயே கிடக்கு, ஹீரோ அத எடுக்காம அடுத்த ரூமுக்குப் போய் வெறுங்கையால அடி வாங்குறாரு. இதப் பாத்தப்புறம் சண்டை எவ்ளோ நல்லா எடுத்திருந்தாலும் எனக்கு ஒட்டவே மாட்டேங்குது. நான் ரொம்ப நோண்டுறேனா?

பதில்: நோண்டல. ஆனா லாஜிக்னு சொல்லி ரெண்டு வேற விஷயத்த நாம ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம். ஒரு அடில நாலு பேர் பறக்குறது, மூணாவது மாடில இருந்து குதிச்சு கார் கூரை மேல விழுந்து எந்திரிச்சு ஓடுறது, இதெல்லாம் அந்தப் படத்து உலகத்துல உடம்பு எவ்ளோ தாங்கும்ங்கிற கணக்கு, முதல் சண்டையிலயே அத ஒத்துக்கிட்டு தான் உக்காந்திருக்கோம். நீங்க சொல்றது கேரக்டரோட புத்திய. சண்டை நடக்கும்போது நாமளும் மனசுக்குள்ள கூடவே பிளான் போடுறோம், கதவு எங்க இருக்கு, எத்தன பேர் மிச்சம், கையில என்ன இருக்குன்னு. நமக்கே பளிச்சுனு தெரியுற வழி, உயிருக்குப் போராடுற ஆளுக்குத் தெரியலன்னா டைரக்டருக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் சீன் வேணும்னு புரிஞ்சிடுது, அதோட பயம் போயிடும், பயம் போனப்புறம் என்ன ஸ்டண்ட் பண்ணி என்ன.

1988ல வந்த 'டை ஹார்ட்' பாருங்க. ஹீரோ படம் பூரா வெறுங்காலோட திரியுவாரு. ஏன்னா ஃப்ளைட்ல பக்கத்து சீட்டுக்காரர், ஷூ சாக்ஸக் கழட்டிட்டு கார்பெட்ல கால் விரல மடக்கி நட, டென்ஷன் குறையும்னு சொல்லியிருப்பாரு, அதப் பண்ணிட்டு இருக்கும்போது தான் வில்லன் கும்பல் உள்ள வருது. சரி, செத்தவனோட ஷூவப் போட்டுக்கலாமேன்னு நமக்குத் தோணும்ல? அவரும் போட்டுப் பாப்பாரு, சைஸ் பத்தாது! நாம கேக்குறதுக்கு முன்னாடியே எழுதுனவங்க கேட்டுட்டாங்க. அப்புறம் வில்லன் அந்த வெறுங்காலப் பாத்து வெச்சிட்டு, கண்ணாடியச் சுடுங்கடான்னு ஆளுங்களுக்குச் சொல்றான். ரெண்டு பக்கமும் புத்தி வேலை செய்யுது, அதான் அவர் கண்ணாடி மேல நடக்கும்போது நம்ம கால் கூசுது.

அதுக்காக கேரக்டர் முட்டாள்தனமே பண்ணக் கூடாதுன்னு இல்ல. ஆத்திரக்காரனுக்கு புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க. கோவக்காரன்னு முன்னாடியே காட்டுன ஆளு, தம்பிய அடிச்சவனப் பாத்ததும் பிளான மறந்துட்டுப் பாஞ்சா அது அவன் குணம், நம்பலாம். அதுக்கு அவன் ஒரு விலையும் குடுத்தா இன்னும் நல்லது. படம் பூரா செஸ் ஆடுற மாதிரி யோசிச்சவன் கிளைமாக்ஸ்ல மட்டும் தனியா, யாருக்கும் சொல்லாம, கோடவுனுக்குப் போறான் பாருங்க, அங்க தான் எரிச்சல் வருது.

கேள்வி: அப்போ டைரக்டர் ஹிட்ச்காக்? அவரோட 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்துல ஹீரோவக் கொல்ல, வயலுக்கு மருந்தடிக்கிற விமானத்தப் போய் அனுப்புறாங்க. அத விட லூசுத்தனமான பிளான் உண்டா?

பதில்: இல்லதான், ஆளே இல்லாத ரோட்டுல கார்ல வந்து சுட்டுட்டுப் போயிருக்கலாம். ஆனாலும் 1959ல வந்த படத்தோட அந்த சீன் இன்னிக்கும் நிக்குது. என் கணக்கு என்னன்னா, அந்த நேரத்துல நாம வில்லனோட இல்ல, ஹீரோவா நடிச்ச கேரி கிராண்ட்டோட தான் இருக்கோம், அவர் பண்றது ஒவ்வொண்ணும் நாமளா இருந்தாலும் பண்ணுறது. ஓடுறாரு, படுக்குறாரு, போற கார நிறுத்தப் பாக்குறாரு, சோளக்காட்டுக்குள்ள ஒளியுறாரு, மேல இருந்து மருந்தடிச்சதும் மூச்சு முட்டி வெளிய வந்து டேங்கர் லாரிய மறிக்கிறாரு. வில்லனோட பிளான் சரியில்லன்னு வீட்டுக்கு வந்து சோபால சாஞ்சப்புறம் தான் உறைக்கும். ஹீரோ சொதப்புனா அந்த நிமிஷமே உறைச்சிடும். நாம எந்தக் கேரக்டர் கூட ஓடுறோமோ அந்தக் கேரக்டர் யோசிக்கணும், மத்தவங்களுக்கு கொஞ்சம் சலுகை உண்டு.

கேள்வி: அடியாளுங்க ஏன் ஒவ்வொருத்தரா வர்றாங்க?

பதில்: எல்லாரும் ஒண்ணா வந்தா கேமராவுல யார் யார அடிக்கிறாங்கன்னே தெரியாது, ஸ்டண்ட் ஆளுங்களுக்கும் அடி படும். இத விட்டுடுங்க, பாவம்.

கேள்வி: எல்லாரும் புத்திசாலியா நடந்தா துப்பாக்கிய எடுத்துச் சுட்டுட்டுப் போயிடுவாங்க, அப்புறம் சண்டை எங்க இருந்து வரும்?

பதில்: நல்ல கேள்வி, இதுக்கு 'இண்டியானா ஜோன்ஸ்' படங்களோட ஹீரோ ஜோன்ஸே பதில் வெச்சிருக்காரு. 1981ல வந்த முதல் படத்துல ஒருத்தன் வாளச் சுழட்டி வித்தை காட்டுவான், ஜோன்ஸ் சலிச்சுப் போய் ஒரே குண்டுல முடிச்சிடுவாரு. அங்க சாட்டைக்கும் வாளுக்கும் நீளமா ஒரு சண்டை எடுக்கிறதா தான் இருந்துச்சு, ஜோன்ஸா நடிச்ச ஹாரிசன் ஃபோர்டுக்கு வயிறு சரியில்லாததால சுருக்கிட்டாங்க. தியேட்டர்ல சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு, எல்லாரும் மனசுல நினைச்சத ஒரு ஹீரோ செஞ்சிட்டாருல்ல. 1984ல வந்த அடுத்த படத்துல திரும்ப வாளோட ரெண்டு பேர் வருவாங்க, இவரும் அதே சிரிப்போட இடுப்புல கைய வைப்பாரு, துப்பாக்கி இருக்காது. அது படத்தோட ஆரம்பத்துலயே கார்ல போகும்போது ஹீரோயின் கையில இருந்து வெளிய விழுந்துடுச்சு. இப்போ சாட்டையும் கையும் தான், சண்டை போட்டே ஆகணும். ஹீரோவுக்கு மூளையக் கழட்டத் தேவையே இல்ல, துப்பாக்கிய மட்டும் முன்னாடியே எங்கயாவது தொலைச்சிட்டா போதும், அதுக்கு ஸ்கிரிப்ட்ல ரெண்டு வரி ஆகுமா?